செலவு யார் தலையில்?

2000-களின் தொடக்கத்தில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்றால் எனக்கு ஐஐடி மெட்ராஸ்தான். மயிலாப்பூரில் பஸ் ஏறி அடையாறில் இறங்கி, வேறு பஸ் மாறி, வளாகத்துக்குள் போய் கஜேந்திர சர்க்கிளில் இறங்குவேன். விமானப் பொறியியல் துறையின் வகுப்பறை ஒன்றில் சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடும். கல்லூரி மாணவர்கள், வேலையில் இருப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மடிக்கணினியைத் திறந்து தான் கற்றதைச் சொல்வார். கேள்வி கேட்பதற்கு யாருக்கும் கூச்சம் இருக்காது. சந்தா என்று யாரும் என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை.

அப்போது எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. காசு இல்லாமல் ஓர் உலகமே இயங்குகிறது என்று வீட்டில் வந்து சொல்வேன். ஆனால் செலவு இல்லாமல் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அறை கல்லூரியுடையது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு முழுவதையும் இறக்கித் தந்தவர், இரவெல்லாம் தன் அலுவலக இணைப்பைப் பயன்படுத்தியவர். வெற்று சிடிகளை ரிச்சி தெருவில் வாங்கி, பிரதி எடுத்து, சிடி விலையை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தார். எல்லாச் செலவும் யாரோ ஒருவர் தலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் முகம் சுளிக்காததால் நாங்கள் அதைக் கணக்கில் வைக்கவில்லை.

அந்த வகுப்பறையில் பழகிய சிலர் சேர்ந்து தமிழுக்கான எழுத்துப்பிழை திருத்தி ஒன்றையும், அதற்கான சொற்பட்டியலையும் செய்யத் தொடங்கினோம். மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடிதான் அலுவலகம். சர்வர் வாடகையும் தளத்தின் பெயருக்கான ஆண்டுக் கட்டணமும் அந்த நண்பரின் கிரெடிட் கார்டில் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

2009-இல் உலகப் பொருளாதாரச் சரிவில் அவருக்கு வேலை போனது. கார்டை மூடிவிட்டார். வீட்டு வாடகைக்கே திண்டாடுகிறவர் எங்களிடம் வந்து சர்வர் பணம் கட்ட முடியவில்லை என்று எப்படிச் சொல்வார்? சொல்லவில்லை. தளத்தின் பெயர் காலாவதியானது. யாரோ ஒரு முகம் தெரியாத வியாபாரி அதை வாங்கிக்கொண்டார். எங்கள் மென்பொருளைப் பரிந்துரைத்துப் பத்திரிகைகளில் அச்சான முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. சொற்பட்டியலின் பிரதிகள் பலரிடம் இருந்ததால் உழைப்பு அழியவில்லை. பெயர் போனது போனதுதான்.

அந்த வாரம் பனகல் பார்க்கில் கூடினோம். வெளியே தி.நகர் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. உள்ளே மரத்தடியில் நாங்கள் முதன்முறையாகப் பணத்தைப் பற்றிப் பேசினோம்.

“காசுன்னு வந்துட்டா நட்பு போயிடும்பா. நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்” என்றார் ஒருவர்.

“நன்கொடை வாங்கினா கேள்வி கேப்பாங்க. என் பக் ஏன் இன்னும் சரியாகலன்னு அதட்டுவாங்க” என்றார் இன்னொருவர்.

டெபியனில் பல காலமாகப் பங்களித்துவந்த நண்பர் 2006-இல் அங்கே நடந்ததைச் சொன்னார். டெபியனின் ‘எட்ச்’ பதிப்பைக் குறித்த நாளில் வெளியிட வேண்டும் என்று, அப்போதைய தலைவர் ஆன்டனி டவுன்ஸும் சிலரும் ‘டங்க்-டேங்க்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு ஆளுக்கு ஒரு மாதம் முழுநேரமாக உழைக்கப் பணம் கொடுப்பது என்பது திட்டம். டெபியனுக்குள் பெரும் மனக்கசப்பு மூண்டது. பல ஆண்டுகளாகச் சும்மா உழைத்தவர்கள், எங்கள் வேலைக்கு மட்டும் மதிப்பில்லையா என்று கேட்டார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய எட்ச், 2007 ஏப்ரல் 8-ஆம் தேதிதான் வெளிவந்தது. அதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர், பணமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலை போன நண்பரின் முகம் கண்ணுக்குள் நின்றது. லஸ் பக்கம் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவர் இருந்தார். அவரைப் போய்ப் பார்த்தேன். ஆளுக்குக் கொஞ்சம் என் கணக்கில் போட்டால் நானே கட்டிவிடுகிறேன் என்பது அப்போது என் யோசனை.

“உன் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல ஊர்க்காசை வாங்காதேப்பா” என்றார். “நாளைக்கு இன்கம்டாக்ஸ்ல, இது உன் வருமானமான்னு கேப்பான். இல்லேன்னு எப்படிக் காட்டுவே? உனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பணம் உன் ஆம்படையாளுக்குன்னா போகும்? குழுவுக்குன்னு ஒரு பேர் இருக்கணும். அந்தப் பேர்ல பான் கார்டு இருக்கணும். அந்தப் பேர்ல அக்கவுன்ட் இருக்கணும்.” பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “அறுபத்துமூவருக்கு மோர்ப்பந்தல் போடறவாகூட ரசீதுப் புஸ்தகம் அடிக்கறா. நீங்க கம்ப்யூட்டர் படிச்சவா.”

அவர் சொல்லித்தான் வழிகள் தெரிந்தன. சங்கமாகப் பதிவதென்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு தாக்கல் என்று உண்டு. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஆட்கள் குறைவாக இருந்தாலும் போதும். லாப நோக்கமற்ற கம்பெனி மூன்றாவது வழி, செலவும் படிவங்களும் கூடுதல். நாங்கள் அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்தோம்.

பத்திரம் எளிதாக முடிந்தது. வங்கியில்தான் இழுத்தடித்தது. “கோயிலா, ஸ்கூலா, முதியோர் இல்லமா?” என்று கேட்டார் கிளை அதிகாரி. மென்பொருள் என்றேன். “அப்ப பிசினஸ்தானே சார்?” என்றார். அவர் தவறாகக் கேட்கவில்லை. வருமான வரிச் சட்டம் அறப்பணி என்பதில் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு ‘பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள்’ என்று ஒரு வரியும் வைத்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அந்தக் கடைசி வரிக்குள்தான் ஒண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. ‘ஷாட்வெல்’ என்ற புகைப்பட மேலாண்மை மென்பொருளைச் செய்த யோர்பா அறக்கட்டளை, வரிவிலக்கு கேட்டு 2009 டிசம்பரில் விண்ணப்பித்தது. நாலரை ஆண்டு காத்திருந்த பிறகு 2014-இல் மறுப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கே எழுதி வைத்துவிட்ட ஒன்றைத் தர்மம் என்று ஏற்க, அரசு அலுவலகங்கள் பலவற்றுக்கு இன்னும் பழகவில்லை.

வெளிநாட்டுத் தமிழர் விஷயம் எங்களை அதிகமாக வருத்தியது. எங்கள் திருத்தியை நாள்தோறும் பயன்படுத்துகிறவர்களில் டொராண்டோக்காரர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவர். “எவ்வளவு வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் அனுப்புறன்” என்றார். வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அயல்நாட்டுக் குடியுரிமை உள்ளவரிடம் ஓர் அறக்கட்டளை நன்கொடை பெற வேண்டுமானால் உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், அல்லது முன் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இன்னொரு நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இருவருக்கும் ஒரே மொழி, ஒரே ஆர்வம். ஒருவர் பணத்தை வாங்கினோம், மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பணத்துக்குப் பதிலாக ஈழத்துச் சொற்களைத் தொகுத்து அனுப்பத் தொடங்கினார். அந்தப் பட்டியல் இன்றும் எங்கள் தொகுப்பில் இருக்கிறது.

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளியே வந்தது. வங்கி, கடை, மின்னஞ்சல் என்று உலகம் முழுவதும் இணையப் பரிமாற்றங்களைப் பூட்டி வைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த பிழை அது. அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்று அதன் பணப்பொறுப்பில் இருந்த ஸ்டீவ் மார்க்வெஸ் எழுதினார். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய நிறுவனங்கள் எல்லாம் அந்தப் பூட்டை நம்பிக் கோடிகோடியாகச் சம்பாதித்தன. அதைச் செய்த மனிதருக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு பொது நிதி தொடங்க, பெருநிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டு தருவதாக முன்வந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், மின்னஞ்சலைப் பூட்டும் ஜிஎன்யுபிஜி மென்பொருளைத் தனியாளாகக் காத்துவந்த ஜெர்மானியர் வெர்னர் கோக் பணமில்லாமல் தவிக்கிறார் என்று ஒரு செய்திக் கட்டுரை வந்தது. ஒரே நாளில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் குவிந்தது. கொடுக்க மனம் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை என்பதை அன்று உறுதியாக நம்பினேன்.

அதே 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தது. கோட்டூர்புரத்தில் முதல் மாடி வரை தண்ணீர். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தன்னார்வலர்களும் பொதுமக்களும், யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடியாகக் கொண்ட வரைபடம் ஒன்றில் குறித்துக்கொண்டே வந்தார்கள். கைப்பேசியில் சார்ஜ் இருந்த நேரமெல்லாம் நானும் மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களைக் குறித்தேன். மின்சாரம் திரும்பிய பிறகு ஒரு கேள்வி மனதில் தொற்றிக்கொண்டது: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வருக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? தேடிப் படித்தேன். 2006-இல் இங்கிலாந்தில் பதிவான, லாப நோக்கமற்ற ஒரு கம்பெனி. அப்போது உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 15 பவுண்ட். அதோடு நன்கொடைகளும் நிறுவனச் சந்தாக்களும். பின்னாளில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஆண்டில் 42 நாள் வரைபடத்தில் வேலை செய்தவருக்குக் கட்டணம் இல்லாமலே உறுப்பினர் உரிமை. பணம் உள்ளவர் பணத்தைத் தரலாம், உழைப்பு உள்ளவர் உழைப்பைத் தரலாம், இருவருக்கும் ஓட்டு உண்டு. இதைவிட நியாயமான விதியை நான் எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை.

கணக்கு எழுதும் முறையை நாங்கள் பக்கத்திலிருந்தே கற்றோம். 2012 ஜனவரியில் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லித்தரும் மின்னிதழாகத் தொடங்கியது கணியம். த. ஸ்ரீனிவாசனும் நண்பர்களும் அதைப் பிறகு அறக்கட்டளையாக வளர்த்தார்கள். கட்டற்ற உரிமத்தில் தமிழ் மின்னூல்களை வெளியிடும் வேலையும் அதோடு சேர்ந்து நடக்கிறது. அவர்கள் மாதந்தோறும் அறிக்கை வெளியிட்டார்கள். செய்த வேலை, வந்த பணம், போன பணம் எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நிரலைத் திறந்து வைக்கிறவர்கள் கணக்கையும் திறந்து வைப்பதுதானே முறை? எங்கள் குழுவும் அந்த வழிக்கு வந்தது. அதன் பிறகு பனகல் பார்க்கில் கேட்ட பயம் எதுவும் திரும்ப எழவில்லை. சண்டை வந்தது; பணத்தைப் பற்றிய சந்தேகம் வரவில்லை.

யுபிஐ வந்த பிறகு சிறு பணம் வரத் தொடங்கியது. முன்பு ஐம்பது ரூபாய் கொடுக்க நினைப்பவர் வங்கிப் படிவத்தை நினைத்தே விட்டுவிடுவார். இப்போது கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஒரு மாணவி கியூஆர் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது அனுப்பிவிடுகிறாள். ஒரு நிறுவனம் இதையெல்லாம்விடப் பெரிய தொகை ஒன்றைத் தருவதாகச் சொன்னது. புதிய சொற்பட்டியலை ஆறு மாதம் தங்களுக்கு மட்டும் தர வேண்டும் என்பது நிபந்தனை. வேண்டாம் என்றோம். சிறு பணம் இருந்ததால்தான் அதைச் சொல்லும் தெம்பு இருந்தது.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பதைச் சொல்ல வேண்டும். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையில் நின்ற ஒரு தம்பி எங்களிடம் வந்தான். கணினியில் டிப்ளமோ முடித்தவன். வேலை கிடைக்காமல் கடையில் சேர்ந்திருந்தான். அவனைப் போல் வினைச்சொல் விகுதிகளை நிரலில் பிரித்துக் காட்டியவர் எங்கள் குழுவில் யாருமில்லை. சில மாதங்களில் வருவதை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைதான் தி.நகரில் வியாபாரம். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். அந்தப் பணம் போய்ச் சேர ஊரில் அம்மா காத்திருந்தார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. மாதச் சம்பளம் வாங்குகிற எங்களுக்குத்தான் தன்னார்வம் சாத்தியமாக இருந்தது. பணம் வேண்டாம் என்ற எங்கள் தூய்மை, அவனைப் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்தியது. அறக்கட்டளைப் பணத்திலிருந்து மாதம் ஒரு தொகை அவனுக்குக் கொடுப்பது என்று முன்மொழிந்தேன். “நான் பத்து வருஷமா சும்மா செய்யறேனே, அவனுக்கு மட்டும் எதுக்கு?” என்று கேட்டார் மூத்தவர் ஒருவர். டெபியனில் கேட்ட அதே கேள்வி. இந்த முறை அதை ஒதுக்கித் தள்ளாமல் உட்கார்ந்து பேசினோம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வெளியிடுவது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், முடிந்த வேலையைக் காட்டிய பிறகே பணம் என்று தீர்மானமானது. கேள்வி கேட்ட அந்த அண்ணனே முதல் காசோலையில் கையெழுத்துப் போட்டார். தம்பி கடையை விட்டுப் பகுதிநேர வேலைக்கு மாறினான். இன்று திருத்தியைப் பராமரிப்பவன் அவன்தான்.

2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு நிரலுக்குள், உதவிக்கு வந்தவர்போல் நடித்து ஒருவர் கள்ளக்கதவு வைத்தது தெரியவந்தபோது, அதைத் தனியாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரை நினைத்துக்கொண்டேன். களைத்தவர் கையிலிருந்து சாவியை வாங்குவது எளிது. அந்த ஆண்டு அக்டோபரில் பெங்களூரின் ஜெரோதா நிறுவனம், உலகக் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தரும் நிதியை அறிவித்தது. 2025 மே மாதம் முதல் தவணையாக ஒன்பது திட்டங்களுக்கு 3,25,000 டாலர் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து இப்படி ஒரு கை நீண்டதில் எனக்குப் பெருமை உண்டு. சென்னையில் இந்த நிரல்களின் மேல் கட்டி எழுப்பிய கம்பெனிகள் எத்தனை! அவையும் கை நீட்ட வேண்டும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் தட்டச்சு செய்ய, மின்னூல் படிக்க, படம் பார்க்க நீங்கள் நாள்தோறும் திறக்கும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை யார் பராமரிக்கிறார்கள் என்று தேடுங்கள். மாதம் நூறு ரூபாய் அனுப்புங்கள். அனுப்பிய பிறகு கணக்கைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, காட்டுவது அவர்கள் கடமை. நூறு ரூபாய் முடியாது என்றால் ஒரு பிழையைக் கண்டு எழுதி அனுப்புங்கள். இரண்டுமே எங்களுக்கு வேண்டும்.